அக்காவை மீட்கப் போன இருபது கேள்விகள்

அக்கா முதியோர் இல்லத்துக்குப் போகப்போவதாகச் சொன்னபோது நான் குசினியில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். செதில் ஒட்டிய கையோடு வெளியே வந்து, "இஞ்ச உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை. ரெண்டு கிழமை இருந்து பாக்கப்போறன். பிடிச்சா அங்கேயே இருப்பன்," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வுபெற்று, கலியாணமும் கட்டாமல், ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள் அவள். என் கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பதினொரு வருடம் நாங்கள் இரண்டு பேரும்தான். நேரத்துக்குத் தேத்தண்ணி, நேரத்துக்கு மருந்துக் குளிசை, முள் எடுத்த மீன். சீனியைக்கூட நானே அளந்து போடுவேன். இப்படிப் பார்த்தும் அவள் போய்விட்டால், தங்கச்சி துரத்திப்போட்டாள் என்றுதானே ஊர் கதைக்கும். உண்மையைச் சொன்னால் ஊரைவிட வீட்டுக்குத்தான் பயந்தேன். அவள் இல்லாமல் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

அவள் போய் மூன்றாம் நாள் ஒரு தாளை எடுத்து இருபது கேள்விகள் எழுதினேன். முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். ஓர் இடம் சரியில்லை என்று நிரூபிக்கத் தாளும் சிவப்புப் பேனாவும் போதும். கேள்விக்கு ஐந்து புள்ளி. மொத்தம் ஐம்பதுக்குக் கீழே விழுந்தால் அக்கா பெட்டியோடு திரும்பி வரவேண்டும். போனில் சொன்னேன். "வந்து திருத்து," என்றாள், சிரித்தபடி.

இல்லம் துறைமுகத்தைப் பார்த்த ஓட்டு வீடு. பொறுப்பாளர் அம்மா கதிரை போட்டார். நான் அதில் இருக்கவில்லை, நேரே குசினிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் சீர் அங்கே சமைக்கும் மீனின் செவுளில் தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல் சட்டியில் கிடந்த விளைமீனின் செவுளைத் தூக்கினேன். இரத்தச் சிவப்பு. விடியக் கிண்ணியாவிலிருந்து வந்ததாம்.

"வாயையும் திறந்து பாக்கப்போறீங்களோ?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

ஐந்து போடக் கை வரவில்லை. நாலரை போட்டேன்.

கழிவறை ஈரமில்லாமல் இருந்தது. குளிசைப் பெட்டிகளில் பெயர் ஒட்டியிருந்தது. மூட்டைப்பூச்சியாவது அகப்படும் என்று ஒரு மெத்தையின் நுனியைப் பிடித்துத் தூக்கினேன்.

"பிள்ளை, மேல நானும் கிடக்கிறன்," என்றது போர்வைக்குள் இருந்து ஒரு குரல். அறுபத்தெட்டு வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட ஆள் இருந்தது. மன்னிப்புக் கேட்டு மெத்தையை இறக்கி வைத்தேன்.

கடைசியில் வாசல் படலையால் ஒரு மான் உள்ளே வந்து வாழைப்பழத் தோல் தின்றது. 'விலங்கு நடமாட்டம்' என்று எழுதி ஒரு புள்ளி வெட்டினேன்.

"அம்மா, இந்த ஊரில மான் வராத இடம் எது? பஸ் நிலையத்திலயும்தானே படுத்துக் கிடக்குது," என்றார் பொறுப்பாளர். அரைப் புள்ளி திருப்பிக் கொடுத்தேன்.

பத்தொன்பது கேள்வி முடியக் கூட்டிப் பார்த்தால் எழுபத்தெட்டரை. சனியன். மிஞ்சியது அக்கா எழுதவேண்டிய ஒரே கேள்வி: 'சாப்பிடும்போது உங்களோடு இருந்து சாப்பிடுவது யார்?' இப்படியான இடங்களில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருவரும் இல்லை என்று எழுதினால் முப்பது புள்ளி கழிக்கப்படும் என்று அந்த இடத்திலேயே விதியை மாற்றினேன்.

விறாந்தையில் மூன்று பேரோடு காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்த அக்கா, தாளை வாங்கி எழுதி, மடித்துத் தந்தாள். "வீட்டை போய் வாசி."

வீட்டில் போய் வாசித்தேன். ஒரே அளவில் இரண்டு வரி. 'இங்கே: நாலு பேர். வீட்டில்: ஒருவரும் இல்லை.'

அப்போ நான் யார்? தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நிமிர்த்தினேன். எங்கள் வீடுகளில் பரிமாறுகிறவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். அம்மாவும் அப்படித்தான். அக்கா சாப்பிடும்போதெல்லாம் நான் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன். முள்ளுப் பாருங்கோ, சோத்தைக் குறையுங்கோ, மெல்லச் சாப்பிடுங்கோ. அவள் கை கழுவிய பிறகு குசினியில் நின்றபடி சட்டிக்குள் சோற்றைப் பிரட்டிச் சாப்பிடுவேன். அதைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்வது என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தது. கோபம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் தாள் இல்லாமல் இல்லத்துக்குப் போனேன். அக்கா பக்கத்துக் கதிரையை இழுத்தாள். என் கை தானாகக் கறிக் கரண்டிக்குப் போனது.

"கையை எடு. இரு," என்றாள்.

இருந்தேன். யாரோ எனக்குச் சோறு போட்டார்கள். கறியில் உப்புக் கொஞ்சம் குறைவு. நான் வாய் திறக்கவில்லை. அக்கா மீன் துண்டொன்றில் முள் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"வீட்டை வாங்கோ அக்கா," என்றேன்.

"வீட்டில சாப்பாட்டு மேசையில எனக்கு முன்னால இருக்கிற கதிரையில பேப்பர் கட்டு ஒண்டு கிடக்குதெல்லே. முதல்ல அதை எடு. பிறகு கதைப்பம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் கட்டை இறக்கினேன். தூசி தட்டி, அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். அங்கிருந்து அக்காவின் முகம் நேரே தெரியும். பதினொரு வருடமாக அவள் சாப்பிடும்போது நான் பார்த்தது அவளுடைய தலை உச்சியை மட்டும்தான்.