ஹோரியின் நேர்த்திக்கடன்

பேக்கரி வரிசையில் நிற்கும்போதே ஹோரியின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். கண் பாதி மூடியிருக்கும், கழுத்தில் டை இறுகியிருக்கும். பிள்ளை ஜெபம் பண்ணுகிறது என்று பின்னால் நிற்கும் பெண்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவன் முணுமுணுப்பதோ, "ஆறு ரொட்டி கொடுங்கள், ரொம்ப முறுகாததாகப் பார்த்து" என்ற போர்த்துகீசிய வாக்கியம். அவன் முறை வந்து வாயைத் திறப்பதற்குள் கடைக்காரி ஆறு ரொட்டியைப் பையில் போட்டு நீட்டிவிடுவாள். வந்த நாளிலிருந்து அந்த வாக்கியம் தொண்டையிலேயே கிடக்கிறது, பாவம்.

உண்மைப் பெயர் ரோரி. ஊர் வாயில் அது ஹோரி ஆகிவிட்டது. டாஸ்மேனியாவில் ஆட்டுப்பண்ணைக் குடும்பம், வயது இருபத்திரண்டு. போர்த்துகீசு கற்றுக்கொண்டு, கத்தோலிக்கரான எங்களை இரட்சிக்கும்படி அவனுடைய சபை பிரேசிலின் இந்த மீனாஸ் மலையூருக்கு அனுப்பிவைத்தது. ஆள் நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படிகளில் தலையை இடித்துக்கொள்வான், இடித்த நிலையிடமே மன்னிப்பும் கேட்பான். மொழிப் பயிற்சி ஆகிறதல்லவா. அவகாடோவில் உப்புப் போட்டுத் தின்பான். சர்க்கரை போட்டே தின்று பழகிய ஊர் அதைக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி வேதம் சொல்லப் போவான். எல்லா வீட்டிலும் உள்ளே உட்கார வைத்து, சீஸ் உருண்டையும் காப்பியும் கொடுத்து, "எவ்வளவு அழகாப் பேசுற தம்பி" என்று வழியனுப்பி வைப்பார்கள். மனம் திரும்பியவர் இதுவரை யாருமில்லை. ஹோரிக்குத்தான் இடுப்பு பருத்தது.

குடியிருப்பது தோனா ஜுராசி வீட்டுப் பின்னறையில். ஜுராசி பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் உண்டு. அவள் அடுக்களை அலமாரியில் புனித பெனெதித்தோ நிற்கிறார், கறுத்த மரத்தில் ஒரு சாண் உயரம். சமையல்காரர்களுக்கெல்லாம் அவர்தான் துணை. காலையில் இறக்கும் முதல் காப்பி அவருக்கு, சின்னக் கோப்பையில். வந்த புதிதில் ஹோரி அதைத் தனக்கு வைத்தது என்று நினைத்துத் தினமும் எடுத்துக் குடித்தான். குடித்த கோப்பையைக் கழுவியும் வைத்தான். ஜுராசி பார்த்தாள். பக்கத்து வீட்டில்தான் சொன்னாள்: "சாமியே விட்டுக்குடுத்துட்டாரு. நடுவுல நான் யாரு கேக்க?"

விஷயம் தெரிந்த அன்று ஹோரிக்கு முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெளுத்த முகம் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தொடாதே என்று போதிக்க வந்தவன், வாரக்கணக்கில் படையலைக் குடித்து ஏப்பம் விட்டிருக்கிறான்.

ஆகஸ்டில் அவனுக்குப் பரீட்சை. சபையின் பெரியவர் ஒருவர் நகரத்திலிருந்து வந்து உட்கார்ந்து, முழுப் பிரசங்கம் ஒன்றைப் போர்த்துகீசில் கேட்பார். முதல் தடவை ஹோரி பாதியில் வாயடைத்து நின்றுவிட்டான். இந்தத் தடவையும் தவறினால் விமான டிக்கெட், மறுபடி ஆடுகள். அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு: மரச் சிலைக்குக் காது கேட்குமா. அடுக்களையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அதை உரக்கச் சொல்லிப் பழகினான். ஜுராசி பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டே உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தாள். அலமாரியில் இருந்த பெனெதித்தோவும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஹோரி தேறிவிட்டான். ஓடிவந்து சொன்னபோது ஜுராசி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்து இடுப்பில் கட்டிய சமையல் துணியில் முகத்தைத் துடைத்தாள்.

"அப்போ திருவிழாவுக்குள்ள உனக்கு ஒரு தோள்துணி தைச்சுடறேன்."

"எதுக்கும்மா?"

"சப்பரம் தூக்கறப்ப தோள் உரியாம இருக்கத்தான். நீ பாஸாயிட்டா நீயே வந்து தூக்குவேன்னு பெனெதித்தோகிட்ட நேர்ந்துகிட்டேன்."

எங்கள் ஊரில் இது சகஜம். நேர்ந்துகொள்வது ஒருவர், கடனைக் கழிப்பது இன்னொருவர். ஹோரிக்குப் போர்த்துகீசு அப்போதுதான் நன்றாகப் புரியத் தொடங்கியிருந்தது, அதுவே வினையாகிவிட்டது.

"என்னைக் கேக்கவே இல்லையேம்மா."

"காய்ச்சல்ல கெடக்கற பிள்ளையக் கேட்டுட்டா தாய்க்காரி நேர்ந்துக்கறா?"

"அவரைத் திட்டித்தானே பிரசங்கமே பண்ணேன்."

"திட்டியும் ஒதவி பண்ணிருக்காரு பாரு. எம்மாம் பெரிய மனசு."

சபைக்குத் தெரிந்தால் ஊழியம் போய்விடும். தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியுமே. ஆளைப் பார்த்து ஊர் சிரித்தாலும் அவனுடைய விசுவாசம் விளையாட்டல்ல; அதற்காகத்தான் வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து கிடக்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டான். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் அப்படி நேராகச் சொல்வதில்லை.

ஜுராசி சண்டை போடவில்லை, அவன் தட்டில் ஒரு கரண்டி குறைக்கவும் இல்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது அவளுக்கு. "கடன் அவன் பேர்ல நிக்குதே. நாளைக்கு ஏரோப்ளேன்ல ஊருக்குப் போற பிள்ளை, நடுக்கடல் மேல ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?" என்று வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அழுதாள். பின்னறை ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அக்டோபரில் பெனெதித்தோ திருவிழா. சப்பரத்துக்கு நான்கு தோள். கசாப்புக்கடை வால்டெமார்தான் தூக்குகிறவர்களுக்குத் தலைவன். ஜுராசி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பதிலா நான் தூக்கறேன்."

"உன் உயரத்துக்கு சாமி கவுந்துடுவாரு, ஜுராசி."

"கவுந்தா என் மேலதானே கவுழுவாரு. நீ எடத்தை விடு."

கல் பாவிய ஏற்றத்தில் கோவில் பெனெதித்தோவைச் சுமந்து சப்பரம் ஏறியது. ஜுராசி பிடித்த பின்மூலை இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கால் விரல்களில் எம்பி எம்பி நடந்தாள், மூச்சு இரைத்தது. பெனெதித்தோ அவள் பக்கம் சாய்ந்தார், பூக்கள் சரிந்து கொட்டின. டை கட்டி, வேதத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஜுராசி வீட்டு வாசலில் நின்ற ஹோரி அதைப் பார்த்தான். வேதத்தை ஜன்னல் திண்டில் வைத்தான். ஊரே பார்த்திருக்க இறங்கிப் போய், "விடுங்கம்மா" என்று அவளை விலக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தான்.

இப்போது அந்த மூலை எல்லோருக்கும் மேலே எழும்பிவிட்டது. சாமி முன்பக்கம் சரியத் தொடங்கினார்.

"தாழ்த்துடா தம்பி," என்றான் முன்னாலிருந்த வால்டெமார். "எங்க தலை மேல வராரு."

ஹோரி முழங்காலை மடக்கினான். மேட்டுக் கோவில் வரைக்கும் மடக்கிய முழங்கால் நிமிராமலே நடந்தான். முகத்தை மட்டும் சாமிக்கு எதிர்ப்புறமாக, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.