ஈபி போஸ்ட்டில் கட்டிய கேபிள்

தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடுகிற ஊர் லப்பைக்குடிக்காடு. அந்த வெள்ளிக்கிழமை மதியம் காற்றும் மழையும் போட்டு அடித்தும், அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை. கம்ப்ளைன்ட் பார்க்கப் போன நான் தெருமுனையிலேயே பைக்கை நிறுத்தினேன். எங்கள் நெட் கேபிளைத் தாங்கும் ஜிஐ இரும்புக் கம்பி அறுந்து, கேபிளோடு சேர்ந்து கரண்ட் கம்பிமேல் கிடந்தது. பொறி பறந்தது. அந்தக் கேபிளின் மறுமுனை நூர்ஜஹான் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை ஈபியின் கரண்ட் கம்பத்தில் கட்டியவன் நான்.

அப்போது, 2006இல், எனக்குக் கேபிள் நெட் கம்பெனியில் டெக்னீஷியன் வேலை. அக்காவின் வீட்டுக்காரர் துபாயில். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து கேமராவில் பேசுவார். அதற்காகத்தான் நெட் கேட்டார்கள். டெலிபோன் லைன் நெட்டுக்கு எழுதிக் கொடுத்தால் பதினைந்து நாள் ஆகும். நாங்கள் அன்றைக்கே கொடுத்துவிடுவோம்.

"எது எடுக்கலாம் தம்பி? எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார் அக்கா.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. எதுக்குக் காத்துக் கெடக்குறீங்க?" என்றேன்.

மாடி மாடியாக ஒயர் இழுத்தால் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். "ஈபி போஸ்ட்டுலயே கட்டிவுட்டுட்டு வாடா, யாரு பாக்கப் போறா" என்றார் முதலாளி. கட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். கட்டினேன்.

பொறி பறந்த அந்த மதியம் மணி இரண்டரை. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும் நேரம். செல்லில் அடித்தேன், எடுக்கவில்லை. டீக்கடைக்காரரிடம், "ஈபிக்குப் போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்திவிட்டு ஓடினேன். "அக்கா, தொடாதீங்க, தொடாதீங்க" என்று வாய் மட்டும் கத்திக்கொண்டே வந்தது. அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வருகிறதா என்றுதான் காது போனது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நெட்டு வரலயேன்னு மோடத்தைக் கழட்டப் போனேன் தம்பி. தூக்கி எறிஞ்சிருச்சு. அல்லாதான் காப்பாத்துனான்."

இரண்டு விரல் நுனி கருகியிருந்தது. ஆட்டோ பிடித்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வழியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"போன் லைன் நெட்டு எடுத்திருந்தாலும் இப்படித்தான் அடிச்சிருக்குமா தம்பி? ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே?"

"இல்லக்கா. அவங்க ஈபி போஸ்ட்டுல கட்ட மாட்டாங்க. நான்தான் கட்டுனேன்."

அக்கா என் பக்கம் இருந்த கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

இன்றைக்கும் எந்த நெட் நல்லது என்று கேட்பவர்கள் ஸ்பீடைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் மாடி ஏறி, ஒயர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.