நான் பேசிய அப்பாக்கள்

வகுப்புக்கு வராதவர்களின் வீட்டுக்குப் போன் போடுவது, ஊரார் திட்டை வரிசையில் நின்று வாங்குகிற வேலை. கடைசி பெஞ்சுத் தோழர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்தப் போன் ஒருநாள் வந்திருக்கும். போட்டவனும் உங்களைப் போல ஒரு பாவப்பட்ட ஜென்மம்தான்.

ஒரே இருமல்

எங்கள் கல்லூரி மாணவர் உதவி அறையில் வாசுகி மேடம் இருக்கிறார். யார் தொடர்ந்து மட்டம் போடுகிறார்கள் என்று பார்த்து, ஆளைத் தேடிப் பிடித்துப் பரீட்சை எழுத வைக்காமல் விடமாட்டார். நானோ மிமிக்ரிக்காரன். பையன்களுக்கு லீவு வேண்டுமென்றால் அவரவர் அப்பா குரலில் மேடத்துக்குப் போன் பேசுவேன். அதிக லீவு வாங்கிக் கொடுத்தது என் நண்பன் கலீலுக்கு. அவன் அத்தாவுக்குக் கண் ஆபரேஷன். அதனால் மந்தாரக்குப்பத்தில் அவர்களுடைய பாத்திரக்கடையில் கலீல் உட்கார்ந்தான். வீட்டில் அவன் "காலேஜ் லீவு" என்றான். காலேஜில் நான் "காய்ச்சல்" என்றேன். எண்ணிப் பார்த்தால், இன்னும் நாலு நாள் வராவிட்டால் அவன் செமஸ்டர் எழுத முடியாது.

அன்று கலீலின் அத்தாவாக இருமி இருமிப் பேசிக்கொண்டிருந்தேன். மேடம் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காலையிலேர்ந்து மூணு அப்பா பேசிட்டாங்க. மூணு பேருக்கும் ஒரே இருமல். சரவணா, இருமினது போதும், நேர்ல வா."

பத்து மணிப் போன்

தண்டனையாக அதே அறையில் போன் மேசை எனக்கு. மேசைக்கு மேலே சுவரில் ஒரு பலகை: எந்தப் பையனின் அப்பாவுக்குச் சுரங்கத்தில் இந்த வாரம் என்ன ஷிஃப்ட் என்று அட்டெண்டர் மணி அண்ணன் வாராவாரம் அழித்து எழுதுவார். "நைட் ஷிஃப்ட் வூட்டுக்கு நாலு மணிக்கு மேலதாம்பா பேசணும். அதுக்கு முன்ன தூங்கிக்கினு இருப்பாங்க" என்றார். நான் கேட்பேனா? காலை பத்து மணிக்கே ஒரு வீட்டுக்குப் போட்டேன். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்து, ஒருவழியாக எடுத்தார். "சார், உங்க பையன் நாலு நாளா..."

"தம்பி, அவன் காலேஜுக்கு வரலன்னா உங்க மேடத்துக்குத்தான் கஷ்டம். நான் தூங்காம வேலைக்குப் போனா மைன்ஸுக்கே கஷ்டம். வைய்யா போனை."

வேறு பிளாக்

போனே எடுக்காத வீடுகளுக்கு அக்கவுண்ட்ஸ் சார் மொபெட்டில் போய்விடுவார், விட்டுப்போன பாடத்தை அங்கேயே நடத்த நோட்டோடு. ஒருநாள் பிளாக் நம்பரை நான் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நகரியத்தில் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. கதவு நம்பரும் பொருந்திவிட்டது. வகுப்புக்கே வராதவன் முகம் சாருக்கு எப்படித் தெரியும்? படுத்திருந்த ஒரு இளைஞனை எழுப்பி உட்காரவைத்து, "பகல்ல தூங்குறவன் எப்பய்யா முன்னேறுவான்?" என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருக்கிறான். அவன் அந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை.

காபி கொண்டுவந்த மாமியார் சாரை வாசல்வரை வந்து வழியனுப்பினாராம்: "நாங்க சொல்ல முடியாததை எல்லாம் நல்லா சொன்னீங்க சார். அடுத்த வாரமும் இங்கதான் இருப்பாரு, வந்துட்டுப் போங்க."

என் குரல்

அதற்குள் கலீலுக்கு ஒரே நாள்தான் மிச்சம். "இப்ப அவங்க அத்தாவுக்குப் போடு. உன் குரல்ல பேசு" என்றார் மேடம். பலகையைப் பார்த்தேன். கடைக்காரருக்கு ஏது ஷிஃப்ட்? தூங்குவார் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஊரில் உள்ள அப்பாக்கள் குரலெல்லாம் வந்த தொண்டையில் என் குரல் மட்டும் வரமாட்டேன் என்றது. "அத்தா... நான் சரவணன். காலேஜ் லீவும் இல்ல, அவனுக்குக் காய்ச்சலும் இல்ல. நாளைக்கும் வரலன்னா கலீல் பரீட்சை எழுத முடியாது."

கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு, கலீல் தோளைப் பிடித்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். "பகல்ல கடையை மூடி வெச்சா பாத்திரம் என்ன பசிச்சு அழவா போவுது? இவன் நாளைலேர்ந்து வருவான் மேடம்" என்றார். அக்கவுண்ட்ஸ் சார் அங்கேயே நோட்டை விரித்துக் கலீலை உட்காரவைத்தார். அத்தா மேடம் பக்கம் திரும்பினார்: "ஆமா, என் குரல்ல இத்தனை நாளா யாரோ இருமி இருமிப் பேசினதா இவன் வழியில சொன்னான், யாரு அது?" மேடம் பேனாவால் என்னைக் காட்டினார். அத்தா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார்.

"நான் எப்பப்பா இருமுனேன்? என் கண்ணு சரியாவுற வரைக்கும் சாயங்காலம் கடைக்கு வந்து என் குரல்ல வியாபாரம் பாரு. இருமாம பாரு."

ஆக, கலீல் ஜம்மென்று செமஸ்டர் எழுதிவிட்டான்; போன் மேசையே கதி என்று கிடந்த எனக்குத்தான் வருகை குறைகிறதென்று, நேற்று என் அப்பாவின் ஷிஃப்டைப் பலகையில் பார்த்து, நாலு மணிக்கு மேல் என் வீட்டுக்கே நான் போன் போட்டேன்.