ஷாமளாவின் கறுப்புத் திரை

மடிக்கணினியைத் திறந்து என்டர் விசையை ஒரு தட்டு தட்டிவிட்டு, ஷாமளா கன்னத்தில் கை வைத்துக் காத்திருப்பார். திரை கன்னங்கரேல் என்று இருக்கும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுவார். பிறகு அந்தக் கறுப்பைப் பார்த்தபடியே கடவுச்சொல்லைப் படபடவென்று அடிப்பார். இன்னொரு என்டர். சட்டென்று வெளிச்சம் வந்து கோப்புகள் எல்லாம் தெரியும்.

“இதென்ன வித்தை?” என்றேன், முதல்முறை பார்த்தபோது.

“உள்ள போயிட்டா நல்லாத்தான் இருக்கும் அண்ணே. வாசல்லதான் லைட் இல்ல.”

பாலோ என்ற எங்கள் சிற்றூரில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. வயது நாற்பத்தாறு. டயாலிசிஸ் நோயாளிகளைக் குளுவாங் நகரிலுள்ள மையத்துக்கு ஏற்றிப்போகும் இரண்டு வேன்களுக்கு, யாரை எப்போது ஏற்றுவது என்று பட்டியல் போடுவது அவர் வேலை. பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். நோயாளியின் முகவரி மறந்துபோகும். அந்த வீட்டு நாயின் பெயர் மறக்காது. மடிக்கணினி தம்பி ரூபேந்திரன் கொடுத்தது. விண்டோஸ் ஆமையாக ஊர்கிறது என்று லினக்ஸ் போட்டுத் தந்துவிட்டு அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து உள்நுழைவுத் திரை மட்டும் தெரிவதே இல்லை. ஷாமளா அதை ஒரு கோளாறாகவே நினைக்கவில்லை.

எனக்குத்தான் கை சும்மா இருக்காது. போன வெள்ளி மாலை, இணையத்தில் தேடிப் படித்துச் சரிசெய்தேன். உள்நுழைவுத் திரை, இல்லாத இன்னொரு திரையைத் தேடிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே ஒழுங்காக இருந்த அமைப்பை அதற்கும் நகலெடுத்து வைத்தேன். கடவுச்சொல் கேட்ட இடத்திலெல்லாம் ஷாமளாவே அடித்தார்; அங்கேயும் அடிப்பது எதுவும் திரையில் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை திரை பளிச்சென்று வந்தது. அவர் பெயர், கீழே ஒரு வெள்ளைப் பெட்டி. ஷாமளா திருதிருவென விழித்தார். அடித்தார். புள்ளிகள் வரிசையாக விழுந்தன. தவறு. மறுபடியும் அடித்தார். அதுவும் தவறு.

“அலமாக்! புள்ளி விழுறதப் பார்த்தா எண்ணத் தோணுது. எண்ணினா விரல் நின்னுடுது.”

“பாஸ்வேர்ட் என்னன்னு சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

“எனக்கெங்க தெரியும்? கைக்குத்தான் தெரியும் லா.”

தம்பி போனை எடுக்கவில்லை. டயாலிசிஸ் மையத்தில் ஏழு மணிக்குத்தான் ஆட்கள் வருவார்கள். வாசலில் வேன் ஓட்டுநர் காளிதாஸ் இஞ்சினை அணைக்காமல், “அக்கா, மணியம் ஐயாவ இப்ப ஏத்தணுமா, மத்தியானமா?” என்று கத்தினார். மையம் நேரங்களை மாற்றியிருந்தது. புதிய பட்டியல் கணினிக்குள் இருந்தது. மணியத்துக்கு டயாலிசிஸ் ஒரு முறை தவறினால் கால் வீங்கி மூச்சு வாங்கும். நான் சரிசெய்ததைப் பழையபடி கெடுத்துவிடலாம் என்றால், அதற்கும் உள்ளே போக வேண்டுமே!

ஷாமளா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தோளில் கிடந்த ஈரத் துண்டை உதறி, திரைமேல் முழுதாகப் போர்த்தினார். படபடவென்று அடித்தார்.

துண்டின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்து, பட்டியலைத் திறந்து, “காளி, மணியம் ஐயா இப்பவே! சீக்கிரம் போ!” என்று குரல் கொடுத்தார். பிறகு அந்தத் துண்டை நான்காக மடித்து, மடிக்கணினிப் பைக்குள் வைத்தார்.