நிக்காஹ் மைக்கில் ஓர் இளநீர் அறிவித்தல்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து அடுத்த மாதம், கிண்ணியாவில் ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது இது. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நான் ஒரு செவ்விளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நான் திருகோணமலை டவுனில் தையல் கடை வைத்திருப்பவன். சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, கவனிக்காமல் விட்டு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. கிழமையில் இரண்டு தரம், ஞாயிறும் புதனும், ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தப்படுத்துகிறார்கள்.

சிறுநீரகம் போனால் மூத்திரம் போகாது, வேறென்ன என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பட்ட பிறகுதான் தெரிந்தது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் முதலில் காலில் இறங்கும். பிறகு நெஞ்சுக்கு ஏறும். படுத்தால் மூச்சு முட்டும், கதிரையில் குந்தியிருந்தே விடியவேண்டும். உடம்பெல்லாம் கடிக்கும், சொறிந்து மாளாது. இரத்தம் குறைந்து, நாலு படி ஏறினாலே களைக்கும். நல்ல மீன் குழம்பு கூடத் தகரத்தை நக்கியது போல இருக்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமை தாகம். எங்கள் ஊரில் எந்தத் தெருவால் போனாலும் கடல் தெரியும். எனக்கோ ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான். காலையில் மனைவி அதை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு, நான் தொடும்போதெல்லாம் பொலிஸ்காரி மாதிரிப் பார்ப்பாள்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அந்த டயலிசிஸ் வாட்டைப் போல நான் சிரித்த இடம் வேறு இல்லை. மெஷினில் ஏற்றுவதற்கு முதல் நிறை பார்ப்பார்கள். நிறை கூடியிருந்தால், “என்ன, துறைமுகத்தையே குடிச்சிட்டு வந்தீங்களோ?” என்று பக்கத்துக் கட்டிலில் இருந்து கேலி வரும். எனக்கு இன்னும் கொஞ்சமாவது மூத்திரம் போகும். பக்கத்துக் கட்டில்காரருக்கு அது அடியோடு நின்றுபோயிற்று. அதனால் அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் “முதலாளி”.

அவர் கிண்ணியாவில் வயல் செய்கிற நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். அவருடைய மற்ற நாள் வியாழன். வயலின் இந்த வரம்பில் நின்று அந்த வரம்பில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. ஆனால் கொஞ்ச மாதமாக நெஞ்சில் தண்ணீர் கட்டி, ஒரு வசனத்தை முடிக்க நாலு தரம் மூச்சு வாங்குவார்.

ஒரு ஞாயிறு அவர் கேலி எதுவும் செய்யவில்லை. என்னவென்று கேட்டேன்.

“கடைசி மகளுக்கு... கலியாணம் தம்பி. வாற வியாழன். மாப்பிள்ளைக்கு... லீவு முடியுது. நாள மாத்த ஏலா.”

வியாழன் அவருடைய மெஷின் நாள். மெஷினை வெள்ளிக்குத் தள்ளலாம்தான். தள்ளினால் கலியாணத்தன்று உடம்பு முழுக்கத் தண்ணீரோடு இருப்பார். நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளை உங்களுக்கு முடித்துத் தருகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லவேண்டும்.

“பாதியில மூச்சு... நிண்டா... மகன் சொல்லுவான்தான். ஆனா நான்... சொல்லணும் தம்பி.”

“நானா, என்ர புதனை நீங்கள் எடுங்கோ” என்றேன். கலியாணத்துக்கு முதல் நாள் அவர் மெஷினில் ஏறிவிட்டால் வியாழன் காலை ஆள் புது மனிசன்.

டொக்டர் முதலில் என்னைத்தான் ஏசினார். பிறகு என் காலை அமத்திப் பார்த்து, இரத்த ரிப்போட்டையும் பார்த்து, எனக்கு இன்னும் மூத்திரம் போவதால் ஒரே ஒரு தரம் என்று சம்மதித்தார். “தண்ணியில கை வைக்கக்கூடாது. மூச்சு முட்டினால் கலியாணமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், உடனே இங்க வாங்கோ.” நானாவின் வியாழனில் நான் ஏறினால் கலியாணத்துக்குப் போக ஏலாது, நானாவோ நான் வந்தே தீரவேண்டும் என்று நின்றார். அப்படியென்றால் எனக்கு வெள்ளிக்கிழமை இடம் வேண்டுமே? தாதி, வெள்ளி முறைக்காரரான ஒரு மீனவருக்குப் போன் எடுத்தார். புல்மோட்டைக்காரர், எங்கள் இருவருக்கும் முகம் கூடத் தெரியாது. “கலியாணத்துக்கெண்டால் நான் வியாழன் வாறன்” என்று சொல்லிவிட்டாராம்.

வியாழன் விடிந்தபோது என் சப்பாத்து காலில் ஏறவில்லை. றப்பர் செருப்போடு, தாகம் தெரியாமல் இருக்க வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு, மனைவியோடு ஓட்டோவில் போய் இறங்கினேன். சரியான வெயில். மனைவி பெண்கள் பக்கம் போய்விட்டாள். என் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் மணமகளின் சாச்சா, அதாவது சித்தப்பா, சிரித்த முகத்தோடு வந்தார். கையில் அப்போதுதான் சீவிய செவ்விளநீர். “வருத்தக்கார ஆளெண்டு சொன்னாங்க. நம்மட தோட்டத்துக் காய். குடிங்க, கிட்னியக் கழுவி விட்டிரும்.”

எனக்குத் தெரியாததா? இளநீர், வாழைப்பழம், தோடம்பழம் எல்லாம் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் தாகத்துக்கு அறிவு இல்லை. அன்போடு தருகிற மனிதரின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரே ஒரு மிடறு என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வாயருகே கொண்டுபோனேன்.

“தம்பி! அந்த எளநியக் கீழ வைங்க!”

மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக அலறின. மேடையில் நானா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி இருக்கிறார். வாய்க்கு நேரே மைக். நிக்காஹ் தொடங்கப்போகிற நேரம், எழும்பி வர ஏலாது.

“ஆரும் அவருக்கு எளநி குடுக்காதீங்க! கிட்னி நல்லா இரிக்கிறவனுக்கு அது நல்லம். எங்களுக்கு அதுல இரிக்கிற பொட்டாசியம் வெளிய போகாது, இரத்தத்துல ஏறி ஹார்ட்ட நிப்பாட்டிப் போடும்! அந்த மனிசன் எனக்காக மெஷின்ல ஏறாம வந்து நிக்காரு!”

மாப்பிள்ளை வெலவெலத்துப் போனார், பாவம். சாச்சா வெடுக்கென்று இளநீரை என்னிடமிருந்து பறித்தார். பறித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தானே மடமடவென்று குடித்தார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் பக்கத் திரைக்கு மேலால் என் மனைவியின் முகம் தெரிந்தது. அந்தப் பார்வையை எழுத எனக்குத் துணிவில்லை.

சிரிப்பு அடங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனையையும் நானா மூச்சு வாங்காமல் சொல்லியிருந்தார்! மேடையைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். நெஞ்சில் ஒரு கையை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, சொல்லவேண்டியதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். ஓர் இடத்திலும் தடங்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அந்தளவு தண்ணீராவது உடம்பில் குறைந்ததே என்று பிறகு மனைவியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பாட்டு நேரம் சஹன் வந்தது, பெரிய தட்டில் சோறு கறி வைத்து நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது. எங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. நானாவின் மனைவி உப்பே போடாமல் றம்பை இலையும் கறுவாவும் போட்டுச் சமைத்து, பொட்டாசியம் கழியவென்று கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரையும் வெளியே ஊற்றிவிட்டுக் கறியாக்கியிருந்தார். ஆனால் நானா எங்களைத் தொடவிடவில்லை. “இன்னொரு ஆள் வரணும்.” கடைசியில், கையில் பஞ்சு ஒட்டியபடி ஒரு கறுத்த, உயரமான மனிதர் உள்ளே வந்தார். புல்மோட்டைக்காரர்! மெஷினில் இருந்து இறங்கி நேரே வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கூப்பிடக் கூப்பிட, நானா எங்களோடுதான் இருந்தார். பெரிய கோழித் துண்டை அவர் என் பக்கம் தள்ள, நான் புல்மோட்டைக்காரர் பக்கம் தள்ள, அவர் நானாவிடமே தள்ள, கடைசியில் மூன்றாகப் பிய்த்துத் தின்றோம். உப்பும் இல்லை, என் நாக்கும் தகரம். அப்படியொரு விருந்து நான் இன்னும் சாப்பிடவில்லை.

வெள்ளி காலை என்னை மெஷினில் போட்ட தாதிக்குக் கதை எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து வாட்டில் நான் “இளநி முதலாளி”. இன்றைக்கும் ஞாயிறுகளில் நானா பக்கத்துக் கட்டிலில் இருந்து என் நிறையைக் கேட்டுச் சத்தம் போடுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைப்பேன்: நான் அவருக்குக் கொடுத்தது ஒரு புதன்கிழமை, அதில் கிடைத்த முதல் மூச்சை, தன் மகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த மூச்சை, அந்த மனிதர் எனக்காகத்தான் செலவழித்தார்.