சூடம் ஏற்றாத வெள்ளிக்கிழமை

கோவில்பதாகை ஊரில் வேம்புலியம்மாள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கோயிலுக்குள் இருந்தாள். மற்றவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். குழந்தையில் பெரியம்மை கண்டு பிழைத்ததால் அவளுக்கு அம்மனின் பெயரையே வைத்தார்கள். "நீ என் பொண்ணு இல்லடி, அவளேதான்" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள்.

அந்தப் பேச்சு பெண்ணை ஆட்டிவைத்தது. பொய் சொல்ல வாயெடுத்தால் நாக்கு வறண்டுவிடும். மற்றவர்களுக்குச் சாமி எங்கோ மேலே இருந்து பார்த்தது. அவளுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கல்யாணமாகிச் சில வருடங்களில் அவள்மேல் அருள் இறங்க ஆரம்பித்தது. வெள்ளிதோறும் குறி கேட்க ஜனம் வந்தது. ஆடும்போது என்ன பேசினோம் என்பது அவளுக்கு நினைவிருக்காது. பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டு நடுங்குவாள். ஆனாலும், கம்பெனி சூப்பர்வைசரே வந்து காலில் விழுந்த நாளிலிருந்து அவள் நடையில் ஒரு மிதப்பு ஏறியிருந்தது.

எண்பத்தெட்டாம் வருடம், ஆடி வெள்ளி. பொழுது சாயும் நேரம். அவள் குறி சொல்லும் கோயில் பந்தலுக்குள் வேலுசாமி தன் மனைவி புஷ்பாவை மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தான். புஷ்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைப்பவள். ஓவர்டைம் முடித்து அவள் தாமதமாக வருவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"தாயே, இவ சுத்தமானவளான்னு நீ சொல்லு. இல்லாங்காட்டி கையில சூடம் ஏத்திக்கினு சத்தியம் பண்ணட்டும். சுட்டா தெரிஞ்சிபூடும்."

கூட்டத்தில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புஷ்பாவின் கண்கள் கணவனைப் பார்க்கவில்லை. வேம்புலியைத்தான் பார்த்தன, வெட்ட வருபவளைப் பார்ப்பதுபோல.

பம்பை முழங்கியது. வேம்புலி கண்ணை மூடினாள். வழக்கமாக உள்ளங்காலில் சூடு கிளம்பி மேலேறும். இன்று கால் சில்லிட்டுக் கிடந்தது. முதுகில் வேர்வை வழிந்தது.

பம்பைக்காரர் பால்ராஜ் குனிந்தார். "இன்னாக்கா, இன்னும் எறங்கலியா? ஜனம் பாத்துகினு கீது. சும்மானாச்சும் ஆடு."

ஆடலாம். சுத்தமானவள் என்று சொல்லிவிட்டால் புஷ்பா தப்பித்துவிடுவாள். ஆனால் அம்மனின் குரலில் பொய்யா? அடுத்த வெள்ளி அதே பொய்க்குரல் இன்னொருத்தியின் கையில் நெருப்பை வைக்கச் சொன்னால்? இதுவரை பேசியதெல்லாம் அம்மன்தானா, இல்லை காலில் விழுந்தவர்களைக் கண்டு மயங்கிய நானா?

"நிறுத்துங்கண்ணே" என்றாள். பம்பை நின்றது. "சாமி வரல. நான் வெறும் வேம்புலிதான்."

"பாத்தீங்களா!" என்று வேலுசாமி கத்தினான். "இந்தப் பாவி நிக்கிற எடத்துல சாமியே வரமாட்டேங்குது!" தீக்குச்சியைக் கிழித்தான்.

வேம்புலி தான் நின்று ஆடும் பலகையை விட்டு இறங்கினாள். புஷ்பாவின் உள்ளங்கையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். "ஏத்துறதுன்னா என் கைமேல ஏத்து. எனக்குள்ள அவ கீறான்னு கும்புடுறீங்களே, இவளுக்குள்ள மட்டும் இல்லியா? இவளச் சோதிக்க நான் ஆரு?"

சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னிலையிலும் புஷ்பாவின் காலில் விழுந்தாள்.

"ஐயோ, வேணாங்க்கா!" என்று புஷ்பா பதறினாள். வேலுசாமியின் விரலைச் சுட்டுக் குச்சி கீழே விழுந்தது. இன்னொன்றைக் கிழிக்க அவனுக்குக் கை வரவில்லை.

புஷ்பாவை வேம்புலி தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தாள். வேலுசாமி தெருமுனையில் நின்று ஏசிக்கொண்டிருந்தான். பாரிவாக்கத்திலிருந்து புஷ்பாவின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போகும்வரை, ஏச்சு ஓய்ந்தபோதெல்லாம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். அண்ணன் வீட்டில் இருந்தபடியே புஷ்பா வேலைக்குப் போய்வந்தாள்.

வேம்புலியை விட்டுச் சாமி போய்விட்டது என்று ஊர் பேசியது. அவள் மறுக்கவில்லை. குறி சொல்வதை நிறுத்தி, வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலைப் பெருக்கினாள். காலில் விழ வந்தவர்களைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தினாள்.

பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் வேலுசாமி தலையைக் குனிந்து ஓரமாக ஒதுங்கிப் போனான். அவன் பயந்தது அம்மனுக்கா, வெறும் வேம்புலிக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைக் கண்டால் அவளுக்கும் கால் நடுங்கியது. நடுங்கிய காலோடுதான் தினமும் கம்பெனிக்கு நடந்தாள்.