ஜீவராணி நம்பாத பெயர்

தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியதும் ஜீவராணி குடித்துவிட மாட்டார். மூக்கருகே கொண்டுபோய் நிறுத்துவார். "இது ஆர் போட்டது?" எங்கள் அலுவலகத்தில் தேநீர் போடுகிறவர் பழனியம்மா ஒருவர்தான். வருடக்கணக்காக அவர்தான் போடுகிறார். அது தெரிந்தும் கேட்பார். பழனியம்மாவும் சலிக்காமல், "நாந்தாம்மா" என்பார். "பால் பெட்டி எப்ப உடைச்சது?" அதற்கும் பதில் கிடைத்த பிறகுதான் முதல் மிடறு உள்ளே இறங்கும்.

வெள்ளவத்தைச் சந்தைக்கு அவரோடு மீன் வாங்கப் போகிறவர்கள் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. "பேலியகொடைச் சந்தையில இருந்து விடிய வந்தது" என்று வியாபாரி சொன்னால், "நீங்க போய் எடுத்தனீங்களோ, ஆரும் கொண்டுவந்து தந்ததோ?" என்று கேட்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து அதே மீனை வாங்குவார். ஒருநாள் அவருடைய கணவர் வேறு யாரோ ஒருவருடைய போனில் இருந்து எடுத்து, "நான்தான் கதைக்கிறன்" என்றார். "நான் எண்டா ஆர்?" என்று இவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறார்கள்.

தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். இரண்டடி போய், திரும்பி, திரை இருண்டதா என்று பார்ப்பார். பூட்டியது அவரேதான். அவரையே அவர் நம்புவதில்லை போலும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

எங்கள் அலுவலகம் காலி வீதியில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடி. பின் ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் நிரல் செய்து கொடுக்கிறோம். என் பெயர் பஸ்லா. நிரல் எழுதத் தெரியாது. கடைக்காரர்கள் போன் எடுத்துத் திட்டினால் வாங்கிக்கொள்வது என் வேலை. ஜீவராணி நிரல் எழுதுகிறவர்களில் மூத்தவர். நான் அவரோடு மதியம் சாப்பிடுவது பாசத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மேசை அவர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு காலை, போன் அடித்து ஓயவில்லை. எல்லா மருந்துக் கடைகளிலும் முதியோருக்கான விலைக் கழிவு பில்லில் விழவில்லை. பிரஷர் குளிசை வாங்க வந்த வயதானவர்கள் முழு விலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேடிப் பார்த்ததில், கழிவைக் கணக்கிடும் வரியை யாரோ அழித்திருந்தார்கள்.

யார் என்று கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. நிரல் எழுதும் இடங்களில் ஒரு கருவி வைத்திருப்பார்கள். எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று அது பெயரோடு பதிந்து வைத்திருக்கும். எங்களுடையது அலுவலகத்திலேயே செய்தது, அலுவலகத்துக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். அதைக் கேட்டதும் பதில் வந்தது: யோகராஜ், போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள்.

யோகராஜ் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கிருலப்பனையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, மாதக் கடைசியில் ஆக வேண்டும். முதலாளி சிவானந்தன் பதிவைப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்தோட நிப்பாட்டுவம்" என்று சொல்லிவிட்டார். அது யோகராஜின் காதுக்கும் போய்விட்டது.

"நான் அந்தப் பக்கமே போகலக்கா. போயாவுக்கு ஊர்ல இருந்தேன்" என்று ஜீவராணியிடம் வந்து நின்றான்.

"நீர் ஊரில இருந்தனீர் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தாங்க்கா சொல்றேன்."

"பஸ் டிக்கெட் இருக்கோ?"

பாவம், டிக்கெட்டை யார் வைத்திருப்பார்கள்? போனை எடுத்து, வீட்டு வாசலில் தங்கையோடு எடுத்த படத்தைக் காட்டினான். ஜீவராணி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "போட்டோ எண்டைக்கும் எடுக்கலாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பஸ்லா, போயா அண்டு நீங்க இஞ்ச வந்தனீங்களோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிரலே தெரியாத என்னையுமா சந்தேகப்படுறீங்க?"

"தெரியாதவைதான் அழிக்கிறவை" என்றார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அன்று மதியம் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கீழே போய்க் காவல்காரரிடம் சிங்களத்தில், "போயா தவசெ கவுத ஆவே?" என்று கேட்டார். அன்றைக்கு யார் வந்தது என்று. "லொகு மஹத்தயா விதரய்" என்றார் அவர். பெரியவர் மட்டும்தானாம். ஜீவராணி மேலே ஏறி வந்து நேரே சிவானந்தனின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"போயா அண்டு நீங்க வந்தனீங்களோ?"

"ஓம், கொஞ்ச நேரம். மூலைக் கொம்பியூட்டரில பில்லைக் கொஞ்சம் துப்புரவாக்கினனான். ஆனா என்ட பேர்லதான் உள்ளுக்குப் போனனான். அப்ப என்ட பேர்தானே விழும்?"

"விழும் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

மூலைக் கணினியில் யாரும் இப்போது உட்காருவதில்லை. யோகராஜ் சேர்ந்த புதிதில் அவனுக்கு லேப்டொப் கிடைக்காமல் அதில்தான் வேலை செய்தான். ஜீவராணி தன் பெயரில் உள்ளே போய், ஒரு வெற்று வரியைச் சேர்த்து, சேமித்தார். கருவி பதிந்த பெயர் யோகராஜ். மறுபடி ஒரு வரி. இந்தத் தடவை கட்டளையோடு சேர்த்துத் தன் பெயரையும் எழுத்தெழுத்தாக அடித்தார். பதிவில் அப்போதும் யோகராஜ்.

"வாயால சொல்லியும் கேக்குதில்ல, பாருங்கோ" என்றார். கோபத்தை மறந்து எட்டிப் பார்த்த எனக்கு விளங்கவில்லை. அவர் மதியச் சாப்பாட்டை வைத்து விளக்கினார். "இஞ்ச கந்தோரில எல்லாருக்கும் பொதுவா மீன் சோறு. ஆனா பஸ்லாக்கு எப்பவும் முட்டைச் சோறு எண்டு கடைக்காரனுக்குத் தெரியும். இண்டைக்கு நீங்க போன் எடுத்து மரக்கறி எண்டு சொன்னா என்ன வரவேணும்?"

"மரக்கறி."

"ஓம். இண்டைக்குச் சொன்னது முதல், அவரவற்ற வழக்கம் அடுத்தது, ஒண்டும் சொல்லாட்டித்தான் பொது. இந்தக் கருவி எல்லாத்தையும் கேட்டுப்போட்டுக் கடைசியா மீன் சோத்தைக் கொண்டு வருது."

அதுதான் நடந்தது. அந்தக் கணினிக்குப் பொதுவான அமைப்பில் யோகராஜின் பெயரை அவன் அதில் வேலை செய்த காலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கருவி மற்ற அமைப்புகளைப் படித்துவிட்டுப் பொது அமைப்பைக் கடைசியாகப் படித்தது. கடைசியாகப் படித்ததே நின்றது. மற்றக் கணினிகளில் பொது அமைப்பில் பெயரே இல்லாததால் யாருக்கும் இத்தனை நாள் தெரியவில்லை.

"இந்த ஒழுங்கை எழுதினது ஆர்?" ஜீவராணியின் குரலில் வேட்டைக்காரக் களை வந்துவிட்டது. கருவியையே கேட்டார். பதில் வந்தது: ஜீவராணி.

அவர் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தார். பின்னால் பாணந்துறை ரயில் போய், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க மனம் கேட்கவில்லை. "அதுவும் பொய்யா இருக்கலாமே. பேரைப் பிழையாப் போடுற சாமான்தானே?" என்றேன்.

நல்ல சாட்டு. அவரைப்போல் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த சந்தேகத்தை யாரும் தட்டில் வைத்துத் தர முடியாது. ஜீவராணி அந்த வரியை நிதானமாகப் பார்த்தார்.

"மேல 'பிறகு பாக்க வேணும்' எண்டு எழுதியிருக்கு" என்றார். "எழுதிப்போட்டுப் பாக்காம விட்டது நான்தான். எனக்கு ஞாபகம் இருக்கு."

மறுபடியும் சிவானந்தனின் அறைக்குப் போனார். இந்தத் தடவையும் கதவு திறந்தே இருந்தது. "பிழை ரெண்டு. கழிவை அழிச்சது உங்கட கை. பேரை மாத்தினது என்ட கை. அந்தப் பெடியன்ல ஒண்டுமில்ல."

"கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ. வெளியில கேக்கும்."

"கேக்கட்டும். அவனைக் கள்ளன் மாதிரிப் பாத்ததும் வெளியிலதானே. நானும் பாத்தனான்."

சிவானந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யோகராஜை வரச் சொல்லுங்கோ" என்றார். அவன் உள்ளே போய்த் திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. வேலை நிரந்தரமாகிறதாம். பழனியம்மா அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கியது.

ஜீவராணி அன்று பின்னேரமே கருவியைத் திருத்திவிட்டார். படிக்கும் ஒழுங்கைத் தலைகீழாக்கி, பொதுவை முதலிலும் கட்டளையில் சொன்னதைக் கடைசியிலும் வைத்தார். மூலைக் கணினியில் இப்போது அவரவர் பெயர் விழுந்தது. ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரியென்று சொன்னால்தான் உள்ளே போகும் என்பது அலுவலக விதி. அந்த விதி முதலாளிக்கும் ஜீவராணிக்கும் மட்டும் இல்லாமல் இருந்தது. "என்ட வேலையைப் பாத்துச் சொல்ல இஞ்ச ஆர் இருக்கினம்?" என்று அவர் கேட்ட பிறகு யாரும் வாய் திறந்ததில்லை. அவருடைய பிழை இத்தனை காலம் கிடந்ததும் அதனால்தான்.

"யோகராஜ், இஞ்ச வாரும்."

அவன் வந்து மேசைக்கு எட்ட நின்றான்.

"இரும். வடிவா வாசியும். பிழை இருந்தா இதிலயே அடிச்சுக் காட்டும்." திரையைப் பூட்டாமல் எழுந்து தன் கதிரையை அவன் பக்கம் தள்ளினார். அவன் விளிம்பில் உட்கார்ந்தான். விசைப்பலகையைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

ஜீவராணி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பழனியம்மாவின் பக்கம் நடந்தார். இரண்டடி போனதும் நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். யோகராஜும் பார்த்தான். அவர் கோப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பாமலே போனார்.